குனியும் பிடரி

வீடியோ கேமின் கடைசிக் கட்டத்தில் வரும் அந்த மிருகத்துக்கு உடம்பெல்லாம் செதில். எந்த வாளும் ஏறாது. விழுந்து கிடப்பவரை மோந்து பார்க்கக் குனியும்போது மட்டும் அதன் பிடரியில் செதில் விலகும், நான்கு விநாடிகளுக்கு. இதை இணையத்தில் படித்த அன்றுதான், "நீயும் விளையாட வாயேன்" என்று மேகலாவின் கையில் இரண்டாவது கன்ட்ரோலரைக் கொடுத்தேன். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் நான் அவளை எதற்கும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு சந்தோஷமாக வந்து உட்கார்ந்தாள்.

"நீ முன்னாடி போ, நான் பின்னாலயே வர்றேன்" என்பேன். போவாள். விழுவாள். நான் பிடரியில் வெட்டிவிட்டு அவளை எழுப்புவேன், மறுபடி முன்னால் அனுப்புவேன். "சாரிங்க, சொதப்பிட்டேன்" என்று ஒவ்வொரு முறையும் அவள்தான் மன்னிப்புக் கேட்பாள். ஆறு நாட்கள் இப்படியே போயின.

இன்று மிருகத்துக்கு ஒரே ஒரு வெட்டுதான் பாக்கி. அவசரப்பட்டு நான் விழுந்தேன். அது என்மேல் குனிந்தது. மேகலா ஓடி வந்தாள். வெட்டவில்லை. என்னை எழுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"என்னை விடு! பிடரில வெட்டு! ஆள் விழுந்தாத்தான் அது குனியும்!"

கத்தி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

"தெரியும்ங்க." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தினமும் கீழ கிடந்து பாக்கறேனே. எந்திரிங்க."

எழுந்திருக்க நானும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். என் கட்டைவிரல் அதை அழுத்தாமல் அதன்மேல் அப்படியே இருந்தது.