பாறுகள் இறங்குவதற்கு முன்

பெண்கள் போகக் கூடாத மேட்டில் மூச்சு வாங்க ஏறினேன்.

உச்சியில், வெள்ளைத் துணியில் சுருட்டிக் கிடத்தப்பட்டிருந்தார் என் கணவர் தர்கே. பக்கத்தில் வாங்யால் அண்ணன். ஊரில் செத்தவர்களை அறுத்துப் பறவைகளுக்குக் கொடுப்பவர் அவர்தான்.

பாறை விளிம்பில் பாறு கழுகுகள் வரிசையாகக் காத்திருந்தன. சிறகை விரித்தால் ஒவ்வொன்றும் இரண்டு ஆள் நீளம் இருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் யாக் மாட்டுக்கு வலி ஊசி போட்டார்கள். யாக் செத்தது. அதைத் தின்ற ஒன்பது பாறுகளும் அந்த ஊசி மருந்தால் கழுத்து தொங்கிச் செத்தன.

வருடத்துக்கு ஒரே முட்டை இடுகிற சாதி. தர்கே இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அதனால்தான், புற்றுநோய் எலும்புக்குப் பரவியபோதும் வலி மாத்திரையைத் தொட மாட்டேன் என்றார். மாத்திரையிலும் அதே மருந்துதான். அது உடம்பில் இருக்கச் செத்தால் பறவைகளுக்குக் கொடுக்க முடியாது. மண்ணில்தான் புதைக்க வேண்டும். எங்கள் ஊரில் மண்ணுக்குள் போவது திருடனும் தொற்றுநோய்க்காரனும்தான்.

நாளெல்லாம் அலறினார். கேட்டுக்கொண்டிருக்க நான் என்ன கல்லா?

கடைசிப் பன்னிரண்டு நாள் அவரிடம் சத்தமே இல்லை. ஜெபத்தின் பலன் என்றார் லாமா. ஊரே கும்பிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது திறந்தேன்.

"அண்ணே, வேண்டாம்ணே! டீயில அந்த மாத்திரையப் பொடிச்சுப் போட்டுட்டேன். அவருக்கே தெரியாது. உப்பும் வெண்ணெயும் போட்ட டீ, கசப்பு தெரியாதுன்னுதான்..."

அண்ணன் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏறி வந்ததே தப்பு, இதுல ஊரக் கூட்டுற மாதிரி சத்தம் வேற. கீழ உன் மச்சினன் நிக்கிறான், மெதுவாப் பேசு."

அப்போதுதான் பார்த்தேன். அவர் கத்தியை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. பறவைகளை அழைக்கும் புகையும் போடவில்லை. நெருங்கி வந்த ஒரு பாறுவைக் கல்லெறிந்து துரத்தினார். அந்தக் கை அப்படிச் செய்து நான் கேள்விப்பட்டதே இல்லை.

பாறைக்குப் பின்னால் இடுப்பளவு குழி. மண் காய்ந்திருந்தது. இன்று வெட்டியதில்லை.

"தர்கேதான் போன வாரம் தோண்டச் சொன்னான். 'டீயில என்னமோ போடுறாடா. நான் கத்துனா அவ தூங்காம கெடக்கா, குடிச்சிடுறேன். என்னைப் பறவைங்களுக்குப் போட்டுடாத. அவகிட்டயும் சொல்லிடாத'ன்னான். கடைசியில தொத்து நோயும் வந்துடுச்சுன்னு ஊருக்கு நான் சொல்லிக்கிறேன். நீ அழாம எறங்கிப் போ."

எப்படி அழாமல் இறங்குவது?

பன்னிரண்டு நாளும் முதல் கிண்ணத்தைக் குடித்துவிட்டு, நல்லா இருக்கு என்று சொல்லி இரண்டாவதும் கேட்டு வாங்கிக் குடித்தார்.