ஆனந்தவள்ளியின் கொடி

இந்த முறையும் சிவப்புக் கொடிதான் ஏறியது. வேணி மணலில் உட்கார்ந்தபடியே திரும்பிப் பார்த்தாள். கொடியைப் பிடித்திருந்த கையில் துளி நடுக்கம் இல்லை.

"அந்தம்மா உன்னை வாழ விடாதுடி," என்றாள் அடுத்துத் தாண்டக் காத்திருந்த யாழினி. "ரெக்கார்டு யாரோடதுன்னு மறந்துட்டியா?"

எப்படி மறக்கும்? மிதித்துத் தாண்டும் பலகையருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நடுவர் ஆனந்தவள்ளிதான் இந்த மண்டலத்தின் நீளம் தாண்டுதல் சாதனைக்குச் சொந்தக்காரர். வேணி பிறப்பதற்கு முன்பு தாண்டியது. அந்த ஒரே தாண்டலில் வேலை, விருது, கே.கே. நகரில் வீடு, மேடைக்கு மேடை மாலை என்று எல்லாம் வந்து சேர்ந்தன.

அதற்குப் பிறகு ஆனந்தவள்ளியே அந்தத் தூரத்தின் பக்கத்தில்கூடப் போனதில்லை. வேறு யாரையும் போக விட்டதில்லை என்று ஊரில் பேச்சு. போன வருஷம் லால்குடிப் பெண் ஒருத்தி நெருங்கினாள், சிவப்புக் கொடி. அதற்கு முந்தின வருஷம் திருவானைக்காவல் பெண், அவளுக்கும் அதேதான். இரண்டு பேரும் விளையாட்டையே விட்டுவிட்டார்கள். புதையலுக்குப் பூதம் காவல் இருப்பதுபோல இந்த அம்மாள் தன் ரெக்கார்டுக்குக் காவல் இருக்கிறார் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

பலகையின் விளிம்பை ஒட்டி ஆரஞ்சு நிறக் களிமண்ணைப் பட்டையாகப் பூசியிருப்பார்கள். ஓடி வருகிறவளின் ஷூ முனை அதில் பட்டால் தாண்டல் செல்லாது, சிவப்புக் கொடி; படாவிட்டால் வெள்ளை. பட்டதா இல்லையா என்று சொல்ல வேண்டியது ஆனந்தவள்ளியின் கண் ஒன்றுதான்.

வேணிக்கு ஒரே ஒரு தாண்டல் பாக்கி. பந்தலில் இருந்த கம்பெனி அதிகாரி காலையிலேயே சொல்லிவிட்டார், ரெக்கார்டை முறியடித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்று. அடுத்த வருஷம் வேணிக்கு வயது வரம்பு முடிந்துவிடும். துறையூர் மண்டியில் வெங்காயம் ஆய்ந்து ஆய்ந்து மகளை இத்தனை தூரம் ஓடவிட்ட வெள்ளையம்மாள், கம்பி வேலிக்கு வெளியே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

கொள்ளிடத்துப் பக்கமிருந்து காற்று வீசியது. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்துக்குப் பின்னால் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆனந்தவள்ளி விரலை அசைத்து வேணியைக் கூப்பிட்டார்.

"எந்த ஊரு?"

"துறையூருங்க மேடம்."

"இந்த வேலை உனக்கு அவ்வளவு அவசியமா?"

வேணிக்குச் சுரீரென்று கோபம் வந்தது. வீடும் வேலையும் வாங்கிவிட்டவர் கேட்கிற கேள்வியா இது? "அது கிடைக்கலைன்னா நான் உசிரோட இருந்து பிரயோசனம் இல்லைங்க."

நேர்ந்துவிட்ட கிடாயைப் பார்ப்பதுபோல ஆனந்தவள்ளி அவளைப் பார்த்தார். "சொன்ன வார்த்தையை மறந்துடாத. போ."

வேணி திரும்பி நடந்தாள். ஓடுபாதையின் கோடியில் நின்று அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு ஓடத் தொடங்கினாள். எந்த இடத்தில் பலகையை மிதித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மணலில் விழுந்தபோது, இதுவரை போகாத தூரம் போயிருக்கிறோம் என்பது மட்டும் தெரிந்தது.

திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆனாலும் பார்த்தாள். ஆனந்தவள்ளி பலகைமேல் குனிந்து களிமண் பட்டையைக் கட்டைவிரலால் சமன்செய்துகொண்டிருந்தார். பிறகு நிதானமாக எழுந்தார். கொடி மேலே போனது, லேசாக நடுங்கியபடி.

வெள்ளைக் கொடி!

டேப்பைப் பிடித்து அளந்தார்கள். பழைய ரெக்கார்டுக்கு மேல் நாலு விரற்கடை. யாழினி ஓடி வந்து கட்டிக்கொண்டாள், அதிகாரி பந்தலைவிட்டு இறங்கி வந்து கைகொடுத்தார். வெள்ளையம்மாள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

வேணிக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த மனுஷியைப் போயா சந்தேகப்பட்டோம்? தன் ரெக்கார்டைத் தன் கையாலேயே தாரை வார்த்துக் கொடுத்திருக்கிறாரே! ஆசீர்வாதம் வாங்க ஆனந்தவள்ளியிடம் ஓடினாள்.

அவள் குனிவதற்குள் ஆனந்தவள்ளி குனிந்துவிட்டார். வேணியின் வலது காலருகே முழங்காலிட்டு ஷூவைத் தொட்டார்.

"ஐயோ மேடம், என்ன இது! எழுந்திரிங்க."

மைக்கில் அறிவிப்பாளர் பிச்சைமுத்துவின் குரல் உயர்ந்தது. "பாருங்க, பெரியவங்க எப்படி மரியாதை பண்றாங்க பாருங்க! இதாங்க பெரிய மனசு!" கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. சுற்றி நின்றவர்கள் செல்போனில் படம் எடுத்துத் தள்ளினார்கள்.

"அசையாத," என்றார் ஆனந்தவள்ளி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. அவருடைய நகம் ஷூவின் முனையில் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தது.

எழுந்து, படம் எடுப்பவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வேணியின் கையைப் பிடித்தார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு களிமண் உருண்டையை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

"பத்திரமா வச்சுக்கம்மா. அன்னிக்கு என் ஷூல ஒட்டினது இன்னும் எங்க வீட்டு பீரோவுல இருக்கு."