பூஜைக்கு வைத்த மருந்து

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து, வேலப்பன்சாவடிக் கல்லூரியின் ஆய்வகக் கதவைத் திறந்த ரேணுகா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சரஸ்வதி படத்துக்கு முன்னால், மைக்ராஸ்கோப்புக்கும் பொரித் தட்டுக்கும் நடுவே அவளுடைய ஆன்டிபாடி குப்பி. அதற்குக் குங்குமப் பொட்டு வேறு.

ஃப்ரீசரை விட்டு வெளியே இருக்கவே கூடாத மருந்து அது. உடம்பின் செல்கள் தாங்க முடியாத அவஸ்தையில் மாட்டும்போது ஒரு புரதத்தை உண்டாக்கும். அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு, இதோ இங்கே என்று காட்டுவதுதான் ஆன்டிபாடியின் வேலை. மாசக்கணக்கில் காத்திருந்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. புற்றுநோயாளிகளின் திசுக்களை வைத்து அவள் செய்யும் ஆராய்ச்சி மொத்தமும் அந்தக் குப்பியை நம்பித்தான் இருந்தது.

யார் வேலை என்று விசாரிக்கவே வேண்டாம். ஆய்வகத்தைக் கூட்டித் துடைக்கும் ராஜம்மா வாளியோடு வந்து நின்றாள்.

"யாரைக் கேட்டு இதை எடுத்தீங்கக்கா?"

"அல்லாரும் அவங்கவங்க சாமான பூஜைக்குக் குட்த்தாங்க. நீ ஊருக்குப் பூட்ட. உன்னுது மட்டும் உட்டுப்பூடக் கூடாதுன்னு வச்சேன்மா."

"அன்னைக்கே எடுத்து உள்ளே வைக்கிறதுதானே?"

"பூஜைல வச்சத மறுபூஜை முடியாம எடுக்கக்கூடாதேம்மா. லீவு முடிஞ்சி இன்னிக்கித்தான் அது."

ரேணுகாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நேரே பேராசிரியர் பார்த்தசாரதியிடம் போய், படிக்காத ஜனங்களை இங்கே விட்டால் இப்படித்தான் என்று பொரிந்து தள்ளினாள். அவர் துப்புரவுக் காண்டிராக்டருக்கு போன் போட்டார். மத்தியானத்துக்குள் ராஜம்மாவுக்கு வேலை போயிற்று.

சாயந்திரம் ராஜம்மா வந்து நின்றபோது, கெஞ்சப் போகிறாள் என்று ரேணுகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கெஞ்சவில்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டுத் தயங்கினாள்.

"இந்த மருந்து மறுபடி வருமாம்மா?"

"வந்தா வரும். உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?"

"ஆஸ்பத்திரில எங்கையில கையெழுத்து வாங்கிகினு, எம்புள்ள ஜீவாவோட கட்டியிலேர்ந்து ஒரு துண்டு எடுத்தாங்க. அவன் செத்தப்புறம்தான் சொன்னாங்க, அது உங்க ஐஸ்பொட்டிலதான் கீதுன்னு."

ரேணுகா நிமிர்ந்து பார்த்தாள்.

"அவஸ்தப்பட்டத அந்த மருந்து காட்டிக்குடுக்கும்னு நீங்க பேசிக்கினீங்களே. வந்தா மொதல்ல அவன பாரும்மா. உள்ளுக்குள்ள இன்னா பாடு பட்டான்னு கடசி வரைக்கும் எங்கைல சொல்லவேயில்ல."