அடி தெரியும் வரை

"குடிடா, ஆறிப் போகுது. அடி தெரியுற வரைக்கும் குடிக்கணும். அப்பா காலத்துச் சட்டம்!"

அண்ணன் ஹால்வர் நீட்டிய மரக்கோப்பையை ஐவிண்ட் வாங்கிக்கொண்டான். வாங்கினானே தவிர, வாயருகே கொண்டுபோகவில்லை.

இருவரும் மலைக்குடிலின் தெற்குச் சுவரில் சாய்ந்து, கலைமான் தோலை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஏப்ரல் வெயில் சுள்ளென்று முகத்தில் அடித்தது. எதிரே சரிவு முழுக்கப் பனி, கண் கூசியது. ஐந்து மாத இருட்டுக்குப் பிறகு வரும் இந்த வெயிலுக்கு ஊரே ஏங்கிக் கிடக்கும். ஐவிண்டுக்கு மட்டும் முதுகு சில்லிட்டது.

எல்லாம் நேற்று டி.வி.யில் பார்த்த மூன்றாம் பகுதியால் வந்த வினை. ஈஸ்டர் வந்தால் நார்வேக்காரர்களுக்கு உரிக்க ஆரஞ்சு வேண்டும், பார்க்கக் கொலைத்தொடர் வேண்டும். இந்த வருடத் தொடரில், அப்பா விட்டுப்போன மலைக்குடிலுக்காக அண்ணனே தம்பியின் காப்பியில் விஷம் கலந்துவிட்டான்.

இங்கேயும் அப்பா போய் இரண்டு வருடம். ஒரே குடில், இரண்டு மகன்கள். விற்றுவிடலாம் என்று அண்ணன். என் பிணத்தின் மேல்தான் விற்க முடியும் என்று தம்பி. பேச்செல்லாம் வக்கீல் மூலமாகத்தான். அப்படிப்பட்ட அண்ணன் போன வாரம் திடீரென்று போன் செய்தான். "ஈஸ்டருக்குக் குடிலுக்கு வா. ஒரு முடிவு கட்டிடலாம்."

"நேத்து எபிசோட் எப்படி?" என்றான் ஹால்வர், கண்ணை மூடி வெயில் காய்ந்தபடி.

"அந்த அண்ணன்காரன் மனுஷனா? கூடப் பொறந்தவனைப் போய்..."

"அவனை மட்டும் சொல்லாத. ரெண்டு வருஷமா தம்பி அவனைக் கொஞ்சமாவா படுத்தினான்? எவ்வளவுதான் பொறுப்பான், பாவம்!"

ஐவிண்ட் கோப்பையைச் சற்றுத் தள்ளிப் பிடித்தான்.

"நீ குடிக்கலையாண்ணா?"

"சாராயம் கலந்ததுடா. நான் வண்டி ஓட்டிட்டுக் கீழ போகணும்."

"அப்ப நான்?"

"நீ எங்க போகப்போற? இங்கயேதான இருக்கப்போற!" ஹால்வர் சிரித்தான்.

ஐவிண்ட் கோப்பையை மோந்து பார்த்தான். கலவை என்னவோ அப்பாவுடையதுதான். கோப்பையில் ஒரு காசைப் போட்டு, அது மறையும் வரை காப்பி ஊற்றுவார். மறுபடி தெரியும் வரை வீட்டில் வடித்த சாராயம் ஊற்றுவார். காசு எங்கே தெரியப்போகிறது? குடித்து முடித்தால்தான் தெரியும். இன்றும் 'டங்' என்று காசு விழுந்த சத்தம் கேட்டது. ஆனால் அண்ணன் முதுகைத் திருப்பிக்கொண்டு அல்லவா கலந்தான்? தொடரில் வந்தவனும் அப்படித்தான் செய்தான்.

கதவோர ஆணியைப் பார்த்தான். குடிலுக்கு இருப்பது ஒரே ஒரு பித்தளைச் சாவி. "சாவி எவன் கையிலயோ, குடில் அவனுக்கு" என்று அப்பா அடிக்கடி சொல்லுவார். இரண்டு வருடமாக இருவருமே தொடாமல் அந்த ஆணியில் தொங்கிய சாவி இப்போது அங்கே இல்லை.

எடுத்துக்கொண்டுவிட்டான்! ஐவிண்டுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. சின்ன வயதில் பனிச்சறுக்கில் விழுந்தபோதெல்லாம் தூக்கிச் சுமந்த அண்ணனா இவன்?

"என்னடா, ஒரு வாய்கூடக் குடிக்கலையா?" ஹால்வர் எழுந்தான். "ஆரஞ்சு எடுத்துட்டு வரேன். நான் வர்றதுக்குள்ள அடியைக் காட்டணும், ஆமா! இதோட நம்ம சண்டை முடிஞ்சுதுடா தம்பி."

அவன் தலை உள்ளே மறைந்ததுதான் தாமதம், ஐவிண்ட் கோப்பையைப் பனியில் கவிழ்த்தான். உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. வெள்ளைப் பனியில் பழுப்பாக ஒரு குழி விழுந்தது.

ஆவி அடங்கியதும் குனிந்து பார்த்தான். குழிக்குள் கிடந்தது காசு அல்ல, குடிலின் பித்தளைச் சாவி.

உள்ளேயிருந்து சின்னப்பிள்ளை மாதிரி ஆவலாகக் கேட்டது அண்ணனின் குரல்: "டேய், அடி தெரிஞ்சுதா?"