மரத்தடி பெஞ்சு

"கேண்டீனை இடிச்சுட்டா நான் எங்க சார் போறது?"

நெடுஞ்சாலை ஓய்விடத்தைப் புதுப்பிக்க வந்திருந்த திட்ட அதிகாரி லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. எதிரே கேண்டீன்காரம்மா. பின்னால் கையைக் கட்டிக்கொண்டு அவள் கணவர். பேச்சுக்குத் துணையாக இருக்கட்டும் என்று அவள்தான் இழுத்து வந்திருந்தாள். துணை இதுவரை வாயே திறக்கவில்லை.

"நான் சொல்லலைம்மா, காமிரா சொல்லுது. ஒரு மாசமா கம்பத்து உச்சியில மாட்டி வச்சிருந்தோமே, பார்க்கலையா?"

"பார்த்தேன். என்ன சொல்லுச்சாம்?"

"ஜனங்க எங்க ரொம்ப நேரம் இருக்காங்களோ, அந்த இடம் இந்தப் படத்துல சிவப்பாத் தெரியும். உங்க கேண்டீன் பாருங்க, வெளுத்துப் போய்க் கிடக்கு."

"லாரிக்காரங்க அவசரத்துல வர்றாங்க. கேட்டதும் டீயைக் கொடுத்து அனுப்பிடுறேன். சுறுசுறுப்பா இருந்தது ஒரு குத்தமா?"

"குத்தம்னு சொல்லலை. யாரும் உட்காரலைன்னு சொல்றேன். ஆனா இதோ, லாரி நிறுத்தற இடத்துக்கு அந்தப் பக்கம், மரத்தடியில ஒரு பெஞ்சு. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் செக்கச்செவேல்னு இருக்கு. ஒரு நாள்கூட காலி இல்லை. ஜனங்களுக்கு வேண்டியது நிழலும் காத்தும்தான். அதனால கேண்டீனை எடுத்துட்டு அங்கயும் மரம் வச்சு பெஞ்சு போடப்போறோம். இன்னைக்கே மேலிடத்துக்கு அனுப்பிடுவேன்."

அவள் அந்த அடுப்படியில் நின்றே இரண்டு பெண்களைப் படிக்க வைத்தவள். கேண்டீனை விட்டால் வேறு பிழைப்பு தெரியாது. அதிகாரியிடம் காட்ட முடியாத கோபம் கணவர் மேல் திரும்பியது.

"மரம் மாதிரி நிக்கிறீங்களே, ஏதாவது சொல்லுங்க. இந்த ஒரு மாசமா வேலை வேலைன்னு ஒரு டீ குடிக்கக்கூட என் பக்கம் எட்டிப் பார்க்கலை. என்ன வேலைன்னு கேட்டா, வெளியில சொல்லக் கூடாதாம். பெரிய ராணுவ ரகசியம். இதுக்காவது வாயைத் திறக்கக் கூடாதா?"

கணவர் மெதுவாக முன்னே வந்து திரையைக் குனிந்து பார்த்தார். அந்தச் சிவப்பை விரலால் தொட்டார்.

"இது கம்பத்துக்கு எதிர்ல இருக்கிற பெஞ்சுதானே சார்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"போன தடவை மாட்டின காமிராவை எவனோ கழட்டிட்டுப் போயிட்டான்னு, இந்தத் தடவை யாருக்கும் தெரியாம காவலுக்கு ஆள் வச்சாங்களே, உங்க ஆபீஸ்ல?"

"வச்சிருப்பாங்க."

"அந்த ஆள் நான்தான் சார். பெஞ்சை விட்டு அசையவே கூடாதுன்னு உத்தரவு."