ஆராயி தூக்கிய கை

"நீ தண்ணிக்கே கை தூக்கும்மா," என்றான் அறிவுமதி. தட்டில் இருந்த இட்லியைப் பிய்த்துக்கொண்டே இருந்தானே தவிர, ஒரு வாய்கூட வைக்கவில்லை.

ஆராயி மகனையே பார்த்தாள். நகராட்சியின் கபடி டீமில் ஆடுகிறவன் இவன். டீமைக் கலைத்துவிட்டால் மாதச் சம்பளம் போய்விடும். மறுபடியும் கடலை மண்டியில் மூட்டை தூக்கத்தான் போக வேண்டும். அப்படியிருந்தும் தெரு ஜனங்களுக்காகப் பேசுகிறானே!

"எந்தப் பக்கம் தூக்கணும்னு எனக்குத் தெரியும், நீ சாப்பிடு."

"நெஜமாத்தாம்மா சொல்றேன். டீம் போனா போகட்டும்."

பெத்த பிள்ளை இப்படிச் சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் மனசு கேட்கும்? கவுன்சிலரான இந்த ஒரு வருடத்தில், முதல்முறையாக அவள் கால்கள் தயங்கித் தயங்கி நகராட்சி ஆபீஸ் படியேறின.

கூட்டத்தில் ஒரே கூச்சல். இருக்கிற நிதி ஒன்றுதான். அதைக் கபடி டீமுக்குக் கொடுப்பதா, ஆராயியின் வார்டான மேட்டுத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் போடுவதா என்பதுதான் அன்றைய பேச்சு.

"ஒம்போது நாளைக்கு ஒருக்கா லாரி வருது," என்று எழுந்தார் கவுன்சிலர் மாறன். "பொம்பளைங்க குடத்தாலயே அடிச்சிக்கறாங்க. இதுல பன்னெண்டு பேரு தொடை தட்டறதுக்கு நம்ம சம்பளம் குடுக்கணுமா?"

டீமுக்காகப் பரிந்து பேச இன்னொரு கவுன்சிலர் தசரதன் எழுந்தார். "வெளியூர்ல திருவண்ணாமலைனா இதுவரைக்கும் தீபம்தான். இப்பதான் கபடின்னும் சொல்றான். இன்னும் மூணு வருசத்துக்கு வேற எங்கயும் வேலைக்குப் போக மாட்டோம்னு பசங்க பத்திரத்துல கையெழுத்துப் போட்டிருக்காங்க. நாமளே டீமைக் கலைச்சி அதைக் கிழிச்சிப் போட்டா எப்படி?"

"பத்திரத்தைக் கரைச்சிக் குடிச்சா தாகம் அடங்குமாங்க?" என்றார் மாறன். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது.

சேர்மன் கை தூக்கச் சொன்னார். எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரிசமம். கை தூக்காமல் உட்கார்ந்திருந்தது ஆராயி மட்டும்தான்.

"நீங்க எந்தப் பக்கம்மா? டீமுக்குன்னா கை தூக்குங்க."

ஆராயி கண்ணை மூடினாள். மேட்டுத் தெருப் பெண்கள் லாரிக்குப் பின்னால் ஓடுவது தெரிந்தது. மூட்டை சுமந்து தோல் உரிந்து கிடந்த மகனின் தோள்பட்டையும் தெரிந்தது.

கையைத் தூக்கிவிட்டாள்.

"உங்க தெருவுக்கே இப்படிப் பண்ணலாமாம்மா?" என்றார் மாறன். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள்.

அவள் தெருமுனைக்கு வருவதற்குள் சேதி முந்திக்கொண்டு வந்துவிட்டது. காலிக் குடத்தோடு பாஞ்சாலை வழியை மறித்தாள். தேர்தலில் இவளுக்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவள்.

"உன் புள்ள ஓடறதுக்குச் சம்பளம் வாங்கிக் குடுத்துட்டியாமே. நாங்களும்தான் லாரி பின்னாடி ஓடறோம், எங்களுக்கும் ஏதாச்சும் போட்டுக் குடேன்க்கா."

சுற்றி நின்ற பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. ஆராயி தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். பிள்ளைக்காகக் கேட்கிற ஏச்சுதானே, கேட்டுக்கொள்வோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் டீம் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. தன்னைப் பார்த்ததும் துள்ளிக் குதிப்பார்கள் என்று நினைத்தாள். ஒருத்தன்கூட எழுந்திருக்கவில்லை.

"என்னடா, சேதி தெரியாதா? உங்க டீம் கலையலடா. ஊரே ஏச ஏசக் காப்பாத்திட்டு வந்திருக்கேன்."

"தெரியும்மா," என்றான் கேப்டன் சாகில். முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடியே இருந்தான்.

"அப்புறம் ஏன் இழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க? டேய் அறிவு, நீயாச்சும் சொல்லேன்."

அறிவுமதி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாகில் அவன் தோளைத் தொட்டான். "சொல்லிடுடா. சேர்மன் காதுக்குப் போயிடக் கூடாதுன்னுதானே வீட்டுலகூட மறைச்சி வச்சிருந்தோம். இனிமே தெரிஞ்சா என்ன?"

அறிவுமதி அழுதுவிட்டான். அவன் அழுது அவள் பார்த்து வருடக்கணக்காகிறது.

"டீம் கலைஞ்சி அந்தப் பத்திரம் போயிருந்தா, பன்னெண்டு பேருக்கும் ஓசூர் கம்பெனில பர்மனென்ட் வேலைம்மா."