வாசலோரக் கணினி போட்ட பாலம்

ஜன்னலோரக் கணினி தன் குதிரையைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆற்றின் இக்கரையில்தான். அதுவும் வாசலோரக் கணினியும் ஒரே அணி. இரண்டையும் இணைத்து அந்தக் கணினி விளையாட்டை நடத்தியது சர்வர் என்ற மையக் கணினி. எதிர்க்கரைக் கோட்டையைப் பிடிக்க அந்த அணியிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு குதிரை.

வாசலோரக் கணினி ஒரு கட்டளை எழுதி ஆற்றின் குறுக்கே பாலம் போட்டது. தன் வீரனை அதன் நடுவில் நிறுத்திவிட்டு, "பாலம் ரெடி, குதிரையைக் கொண்டா" என்றது.

"எனக்குத் தண்ணிதான் தெரியுது. உன் ஆளு அந்தரத்துல நிக்கிறான்."

"உன் திரையைத் துடைச்சு எத்தனை நாளாச்சு? நானே மேல நிக்கிறேன், அப்புறம் என்ன சந்தேகம்?"

ஜன்னலோரக் கணினிக்கு வெட்கமாகிவிட்டது. சர்வரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குதிரையை நடத்தியது. குதிரை நேராக ஆற்றில் விழுந்து செத்தது. அந்தச் செய்தி சர்வர் வழியாக எல்லாத் திரைக்கும் போனது.

"பாலம் இருக்கிறப்ப எப்படி விழுந்துச்சு?" என்றது வாசலோரக் கணினி.

"பாலம் போட்டதை எங்கிட்ட சொன்னியாப்பா?" என்றது சர்வர்.

"கட்டளை போட்டேனே."

"உனக்குள்ளயே போட்டுக்கிட்ட. என் வழியா வந்திருந்தாத்தானே மத்தவங்களுக்கும் பாலம் வரும்?"

"இவ்வளவு பெரிய பாலம், கண்ணுக்குத் தெரியாதா?"

அன்று அந்த அணி கோட்டையைப் பிடிக்கவில்லை. வாசலோரக் கணினிக்குள் பாலம் உறுதியாக நிற்கிறது. அதன்மேல் இருப்பது அதன் வீரன் ஒருவன்தான்.